லாரி டோல்கேட்டில் நிற்கிறது, இன்னும் 41,000 அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 61. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பா காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தவர். டாக்டர் வைத்திருந்தது நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பள்ளி விடுமுறை நாட்களில் அந்தக் காரைக் கழுவித் துடைத்து வளர்ந்தவர் இவர். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு கார் வாங்கி, வயதான அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

சமூக வலைதளத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "1969 மாடல், மார்க் 3, ஒரே ஓனர், விலை 1,60,000." மற்றவர்கள் இதே காருக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்கிறார்களாம். விற்பவர் தன்னை ராணுவ அதிகாரி என்றார். குன்னூர் பக்கம் முகாமில் இருப்பதாகவும், அஸ்ஸாமுக்கு மாற்றல் ஆகிவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் சொன்னார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றதற்கு, முகாமுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்று பதில். வீடியோ காலுக்கும் அனுமதி இல்லையாம். அதற்குப் பதிலாக ராணுவ அடையாள அட்டை, ஆதார், ஆர்.சி. புக் எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெயர் மாற்றத்துக்கு என்று இவருடைய ஆதார், பான் கார்டு, போட்டோவையும் வாங்கிக்கொண்டார்.

முன்பணம் 15,000, லாரி வாடகை 32,500, "கார் வந்ததும் திருப்பித் தரப்படும் இன்சூரன்ஸ்" 28,000 என்று மொத்தம் 75,500 ரூபாய் போயிருக்கிறது. கடைசித் தொகை அனுப்பி நான்கு நாள் ஆகிறது. இப்போது லாரி திருச்சி டோல்கேட்டில் நிற்பதாகவும், ஜி.எஸ்.டி. 41,000 கட்டினால்தான் விடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். லாரி எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு ஆப்பும் அனுப்பியிருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் "இது ஏமாற்று வேலை" என்று சொல்லப்போய் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுவிட்டது. மனைவிக்கு எதுவும் தெரியாது.

அவர் கேட்பது: 41,000 அனுப்பினால் கார் வந்துவிடுமா? இவ்வளவு ஆவணம் கொடுத்தவர் ஏமாற்றுவாரா? ஏமாற்று என்றால் வங்கி பணத்தைத் திருப்பித் தராதா? போலீஸில் போனால் "படித்தவர்தானே, ஏன் அனுப்பினீர்கள்" என்று கேட்க மாட்டார்களா? கடைசியாக ஒன்று. காரைக்குடியில் ஒரு தரகர் வேறொரு ஹெரால்டு இருப்பதாகச் சொல்கிறார். அதை எப்படி வாங்குவது?

வணக்கம் ஐயா.

அனுப்பாதீர்கள். இதைப் படிக்கிற இந்த நிமிடத்திலிருந்து ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். டோல்கேட்டில் எந்த லாரியும் நிற்கவில்லை. நீங்கள் 41,000 அனுப்பினால் நாளைக்கு வேறொரு பெயரில் வேறொரு தொகை வரும்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அவர்கள் சொன்ன விஷயங்கள் சட்டத்தோடு ஒட்டவே இல்லை. தனி ஒருவர் தான் ஓட்டிய பழைய காரை இன்னொருவருக்கு விற்றால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரிகளோ நிறுவனங்களோ விற்றால்தான் அந்த வரி. அதையும் டோல்கேட்டில் யாரும் வசூலிப்பதில்லை. அரசுக்குச் சேர வேண்டிய எந்த வரியும் ஒரு தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் போகாது. "கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருவோம்" என்று ஓர் இன்சூரன்ஸும் கிடையாது. ராணுவத்தின் பெயரும் அப்படித்தான். பணியில் மாற்றல், அவசர விற்பனை, முகாம் வண்டியில் பொருள் வரும் என்ற இந்தக் கதையைச் சொல்லி இந்தியா முழுக்கப் பைக்கும் காரும் பிரிட்ஜும் விற்பதாக ஏமாற்றிவருகிறார்கள். பல மாநிலப் போலீஸாரும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். சீருடை மீது நமக்கு இருக்கும் மரியாதையை அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். முகாமுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஓடுகிற காரை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திக் காட்ட யார் அனுமதி வேண்டும்?

அந்த லாரி ஆப்பை இறக்கிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும் இப்படிப்பட்ட ஆப்கள் போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்., ஓ.டி.பி. எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடியவை. இதுவரை நீங்களாக அனுப்பிய தொகைதான் போயிருக்கிறது. ஆப் உள்ளே போனால் கணக்கில் மீதி இருப்பதும் போகலாம். ஏற்கெனவே இறக்கியிருந்தால் போனில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

ஆவணம் கொடுத்தவர் ஏமாற்றுவாரா?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த கேள்வி இதுதான். 75,500 ரூபாயைவிடப் பெரிய விஷயம் இதில் இருக்கிறது.

உங்களுக்கு வந்த ஆதார் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அது உங்களுக்கு முன்னால் இதே ஆட்களிடம் ஏமாந்த ஒருவருடையதாக இருக்கும். அவரும் "பெயர் மாற்றத்துக்கு வேண்டும்" என்று கேட்டதால் அனுப்பியிருப்பார். அது இப்போது விற்பவரின் அடையாளமாக உங்களிடம் வந்து நிற்கிறது. அப்படியானால் உங்கள் ஆதாரும் பான் கார்டும் போட்டோவும் அடுத்து எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்குத் தஞ்சாவூரிலோ நெல்லூரிலோ ஒருவருக்கு ஒரு பழைய அம்பாஸடரை விற்பவராக உங்கள் முகம் போய்ச் சேரலாம். அவர் போலீஸுக்குப் போனால் முதலில் வாசிக்கப்படும் பெயர் உங்களுடையது.

அதனால் நீங்கள் புகார் கொடுப்பது, போன பணத்துக்காக மட்டும் இல்லை. "இந்தத் தேதியில் என் ஆவணங்கள் இவர்களிடம் போய்விட்டன" என்பது முதலில் உங்கள் வாயால் பதிவாக வேண்டும். புகாரில் இதற்குத் தனிப் பத்தி எழுதுங்கள். என்னென்ன ஆவணம், எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஆதார் இணையதளத்தில் உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு இருக்கிறது என்று பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் தெரிந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இனிமேல் யாருக்காவது ஆதார் கொடுக்க வேண்டியிருந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அடையாள அட்டையில் இருக்கும் பெயரையும் போட்டோவையும் "திருடன்" என்று போட்டு வலைதளத்தில் பரப்பாதீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்த முகம் உங்களைப் போலவே ஏமாந்த ஒருவருடையதாக இருந்தால், அவரை இரண்டாம் முறை காயப்படுத்தியதாகிவிடும். உங்கள் மீது அவதூறு வழக்கு வரவும் இடம் உண்டு. போலீஸிடம் மட்டும் கொடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பண மோசடிக்கென்றே இருக்கும் சைபர் குற்ற உதவி எண் அது. யு.பி.ஐ. ரசீதில் 12 இலக்கத்தில் ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். மூன்று பரிவர்த்தனைக்கும் அந்த எண், தேதி, நேரம், தொகை, பணம் போன யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால் குழப்பம் வராது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகாரைப் பதியலாம். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்திவைப்பார்கள்.

இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. இந்த ஆட்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் பணத்தை வாங்கி, சில மணி நேரத்திலேயே பல கணக்குகளுக்கு மாற்றி எடுத்துவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால்தான் வாய்ப்பு நன்றாக இருக்கும். நான்கு நாள் கடந்துவிட்டதால் முழுப் பணமும் கிடைப்பது கடினம். இருந்தாலும் சங்கிலியில் எங்காவது ஒரு கணக்கில் ஒரு பகுதி மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி நிறுத்திவைத்த பணத்தை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டுத் திரும்பப் பெற வழி இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளத் தள்ள அதுவும் கரையும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரத்தையும் அதன் முகவரியோடு படமெடுத்து வையுங்கள், எந்த நேரமும் நீக்கிவிடுவார்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்தை வைக்கும்போது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அதற்கு அந்தப் போன் வேண்டும். அவர்களிடம் "போலீஸுக்குப் போகிறேன்" என்று மிரட்டவும் வேண்டாம், பேச்சுக்கொடுத்துப் பிடிக்கப் பார்க்கவும் வேண்டாம். பதில் சொல்வதை நிறுத்திவிடுங்கள், போதும்.

இதற்குப் பிறகு உங்களுக்கு வேறு மாதிரி அழைப்பு வரலாம். "நாங்கள் சைபர் பிரிவு, உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். அல்லது பணம் திருப்பித் தருவதாகக் கியூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுவதால் நடப்பது இது. யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

வங்கி திருப்பித் தராதா?

மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த அந்த விதி, வாடிக்கையாளருக்குத் தெரியாமல், அவர் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. நீங்கள் உங்கள் கையால் பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். வங்கி இதை அனுமதி பெற்ற பரிவர்த்தனையாகத்தான் பார்க்கும். ஆனாலும் கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலோ, புகார் கொடுத்த பிறகும் வங்கி மெத்தனமாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

"நீங்களே அனுப்பினீர்கள்" என்பது வங்கியிடம் உங்களுக்குப் பாதகம். போலீஸிடம் அது பாதகமே இல்லை. ஏமாற்றுக் குற்றம் என்றாலே, ஒருவரைப் பொய் சொல்லி நம்பவைத்து அவரே பணத்தை எடுத்துக் கொடுக்கும்படி செய்வதுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது, ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அடுத்தவர் வேடத்தில் ஏமாற்றியதற்கு 319ஆம் பிரிவு, அதைக் கணினி, போன் வழியாகச் செய்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. ஏமாந்தவர் எவ்வளவு படித்தவர் என்று இந்தப் பிரிவுகளில் எதுவும் கேட்கவில்லை. யாராவது உங்களிடம் "ஏன் அனுப்பினீர்கள்" என்று கேட்டால் "நம்பவைத்தார்கள், அனுப்பினேன்" என்பதே முழுமையான பதில்.

மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. "பணம் வாங்கியவன் வேறு மாநிலம், அங்கே போங்கள்" என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். குற்றம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

விளம்பரத்திலேயே தெரிந்தது என்ன?

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பழைய கார் வாங்க இணையத்தில் தேடும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹெரால்டு இங்கிலாந்தில் ட்ரையம்ப் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த கார். மிக்கேலோட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் வரைந்தது. அதையே நம் ஊரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் தயாரித்தது. 1960களின் பிற்பகுதியில் வந்த மார்க் 3இல் நான்கு கதவு வைத்தார்கள். டாக்டர் வீட்டில் நீங்கள் துடைத்தது அதுதான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு. இங்கிலாந்து சலூனுக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான். உங்களுக்கு வந்த படத்தில் இருப்பது இரண்டு கதவு. கேட்டதற்கு "அரிய மாடல்" என்று சொன்னார்கள் என எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கம் ட்ரையம்ப் என்ற எழுத்து இருக்கிறது. நம்பர் பிளேட்டை மங்கலாக்கியிருக்கிறார்கள், ஆனால் பின்பக்கத் தகட்டின் மஞ்சள் நிறம் தெரிகிறது. நம் ஊரில் மஞ்சள் பிளேட் என்றால் வாடகை வண்டி. இங்கிலாந்தில் சொந்தக் காருக்கே பின்பக்கம் மஞ்சள்தான். அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் அந்த ஊர்ப் படத்தை நம் ஊர்க் கார் என்று காட்டுவது சுலபம். ஐயா, அந்தக் கார் நீலகிரியில் இல்லை. ஏதோ ஓர் ஆங்கிலேயர் வீட்டு வாசலில் நிற்கிறது.

படத்தை வைத்தே இணையத்தில் தேடும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. விளம்பரப் படத்தை அதில் போட்டால் அது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டிவிடும். பழைய காரைப் பொறுத்தவரை நான் செய்யச் சொல்லும் முதல் வேலை அது. அடுத்தது, இருக்கிற படத்தை நம்பாமல் இல்லாத படத்தைக் கேட்பது. ஹெரால்டில் பானட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுதாகக் கவிழ்ந்து திறக்கும். "பானட்டைத் திறந்து, இன்றைய தினசரியை இன்ஜின் மேல் வைத்து ஒரு வீடியோ எடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கார் கையில் இருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. இல்லாதவர் கோபப்படுவார், அல்லது இன்னொருவர் பணம் கட்டத் தயாராக இருக்கிறார் என்பார்.

ஆர்.சி. புக் படத்திலும் ஒரு விஷயம். 1969இல் முதல் பதிவு என்று போட்டுவிட்டு, எண்ணை டி.என். 43 என்று கொடுத்திருக்கிறார்கள். 43 நீலகிரிக்குரிய எண், அது சரி. ஆனால் டி.என். 43 போல மாநில எழுத்தோடு அலுவலக எண் சேர்ந்து வரும் முறை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கியது. 1969இல் தமிழ்நாட்டில் பதிவான காருக்கு எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய எண் இருக்க வேண்டும். பின்னாளில் வேறு மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவான காராக இருந்தால் டி.என். எண் வரலாம். ஆனால் உங்களிடம் "ஒரே ஓனர், முதலிலிருந்தே ஊட்டியில்" என்றுதானே சொன்னார்கள்?

பணம் போன பெயரையும் பாருங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பும்போது திரையில் வாங்குபவரின் பெயர் வரும். மூன்று முறையும் மூன்று வேறு பெயர் வந்ததாகவும், "என் யூனிட் கிளார்க், டிரைவர்" என்று விளக்கம் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் பணம் வாங்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், விளக்கம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் சரி.

காரைக்குடிக் காரை எப்படி வாங்குவது?

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம். கார் கண்ணெதிரே நிற்கிறது, தொட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள், அதுவே பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. மீதிப் பாதி ஆவணத்தில் இருக்கிறது.

கார் இறந்துபோன ஒரு செட்டியாரின் பெயரிலேயே இருக்கிறது, மகன்களில் ஒருவர் விற்கிறார், தரகர் "ஓப்பன் ஃபார்மில் கையெழுத்து வாங்கித் தருகிறேன், பெயர் மாற்றமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓப்பன் ஃபார்ம் என்றால் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவம். இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய கார்களில் இது மிகச் சாதாரணம், ஆனால் இறந்தவரால் பெயர் மாற்றப் படிவங்களான 29, 30இல் கையெழுத்துப் போட முடியாது. போட்டிருந்தால் அது போலிக் கையெழுத்து. முதலில் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வைத்துப் படிவம் 31 மூலம் அந்த மகன் பெயருக்குக் கார் மாற வேண்டும். அப்புறம் அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு. வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அதனால் நேராகப் பெயர் மாற்றிக் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்கும் நல்லது. இதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பழைய ஆர்.சி.யைப் பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் தேடினால் சில சமயம் வராது. கணினிக்கு முந்தைய பதிவு ஏற்றப்படாமல் இருக்கும். அதனாலேயே போலி என்று நினைத்துவிட வேண்டாம், அதே நேரம் அதைக் காரணம் காட்டி யாரும் உங்களை அவசரப்படுத்தவும் விடாதீர்கள். பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போய் அந்த எண் நடப்பில் இருக்கிறதா, பதிவு ரத்தாகிவிட்டதா, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எதுவரை, பழைய கடன் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு ஐந்தைந்து ஆண்டாகத்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். பல வருடம் புதுப்பிக்காமல் ஷெட்டில் கிடந்திருந்தால் அபராதம், வரி பாக்கி எவ்வளவு வரும் என்று விலை பேசுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சேஸிஸில் பொறித்த எண்ணை உங்கள் கண்ணால் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயின்ட் அடித்து மறைந்திருந்தால் மெதுவாகத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இன்ஜின் எண்ணையும் அப்படியே. ஹெரால்டுக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டகம், அதன்மேல் பாடி. வெளியே பளபளப்பாக இருந்தாலும் அந்த அடிச்சட்டகம் துருவேறியிருக்கலாம். பழைய ஸ்டாண்டர்டு வண்டி வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியில் கணக்குப் பார்க்காதீர்கள்.

தரகர் "விண்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாம்" என்று சொன்னதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத சொந்த வாகனங்களுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் தருகிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அப்பாவை வைத்துக்கொண்டு நினைத்தபோது குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்வர வேண்டும் என்றால் அது உங்களுக்குப் பொருந்தாது. பழைய எண்ணிலேயே பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: பார்த்த அன்றைக்கு ஒரு சிறு தொகை டோக்கனாகக் கொடுக்கலாம், ஒப்பந்தம் எழுதி, பெயர் மாற்றம் முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற வரியோடு. மீதி முழுவதும், பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்கும் நாளில், பதிவில் பெயர் இருப்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். தரகர் வழியாக வேண்டாம். வண்டியை எடுக்கும்போது தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி சீட்டு ஒன்று. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

கடைசியாக மகன் விஷயம். இன்று 1930க்குப் பேசுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்யுங்கள். இணையத்தில் புகார் பதிவதற்கும், ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கும், ஆதாரைப் பூட்டுவதற்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும், தனியாக என்றால் இரண்டு நாள் இழுக்கும். "நீ சொன்னது சரிதான்பா, இப்ப கூட இரு" என்று சொன்னால் போதும். உங்கள் மனைவியிடம் சொல்வதையும் அவரே எளிதாக்குவார். காரைக்குடிக்கு இரண்டாம் முறை போகும்போதும் அவரைக் கூட்டிப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் ஆவணத்தையும் அன்றைக்கே சரிபார்த்துவிடலாம்.